ஐந்துக்கு 4.6

மதுரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது தெருமுனையில் திரும்பும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுகிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஊழியர் சர்வேயில் ‘மேலாளரிடம் தயங்காமல் பேச முடிகிறது’ என்பதற்கு ஐந்துக்கு 4.6 வந்திருக்கிறது, ஆனால் அதே பிரிவில் மூன்று மாதத்தில் ஆறு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், இது எப்படி என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.தான் (புறநோயாளிப் பிரிவு) நினைவுக்கு வந்தது.

இங்கே மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் சலித்துப் பார்க்க பி.எச்.க்யூ-9 படிவத்தைப் பயன்படுத்துகிறோம். குரோங்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 2001இல் வெளியிட்டது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் உட்காரவைத்து விரிவாகப் பேச வேண்டும். போன மாதம் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா மருமகளோடு வந்தார். கைகால் குடைச்சல், உடம்பெல்லாம் எரிச்சல், எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. நான் கேள்விகளை வாசிக்க வாசிக்க, “அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மொத்தம் 3.

மருமகளை மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்க அனுப்பினேன். படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?” என்றேன். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, “ரெண்டு மணிக்கு. அப்புறம் எங்க தூக்கம்?” என்றார். கொஞ்சம் பேசிவிட்டு அதே ஒன்பதையும் மறுபடி கேட்டபோது 16 வந்தது. செத்துப்போயிருக்கலாமே என்று தோன்றுகிறதா என்ற கடைசிக் கேள்விக்கு அவர் முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம்தான் தலையசைத்தார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது ஒழுங்காக வந்துபோகிறார்.

படிவத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை கோமதி. பக்கத்தில் நின்ற ஆள்தான் மாறினார்.

உன் எச்.ஆர். துறையிலேயே இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. ஹார்வர்டில் எமி எட்மண்ட்சன் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நல்ல செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்து மருத்துவமனை வார்டுகளின் கணக்கை எடுத்தார். வந்தது நேர்மாறாக: நல்ல குழு என்று மதிப்பெண் வாங்கிய இடங்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அப்புறம், இந்த முடிவு தெரியாத ஒருவரை வார்டுகளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சில வார்டுகளில் தவறைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்கள், சிலவற்றில் மூச்சுவிடவில்லை. நல்ல குழுக்கள் தவறை மறைக்காமல் சொன்னதால்தான் எண்ணிக்கை கூடித் தெரிந்திருக்க வேண்டும். 1996இல் அந்தக் கட்டுரை வந்தது. 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதியதில்தான் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற சொல் பிரபலமானது, அதாவது தவறையோ சந்தேகத்தையோ பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்லலாம் என்ற நம்பிக்கை. உன் எச்.ஆர். பயிற்சிகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் படிவத்தின் மூலையில் ஊழியர் எண் இருந்ததா? நிரப்பியதை வாங்கிக்கொண்டது யார்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வையாளரே மேசை மேசையாக வந்து வாங்கினார். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். மனநலம் படித்தவள் லட்சணம்!

ஐந்து பேர் உள்ள குழுவுக்குத் தனியாகச் சராசரி போட்டாலும் யார் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் அதை முதலில் எடு. நிரப்பாத படிவம் ஒன்றை எனக்கு அனுப்பு, வார்த்தைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் விட்டுப்போன அந்த ஆறு பேரில் ஒருவரையாவது டீக்குக் கூப்பிடு. ஆபீஸ் கேன்டீனில் வேண்டாம், வெளியே. பேனா பேப்பர் எடுத்துப் போகாதே.

உன்
மல்லிகா