ஒன்பதாம் வகுப்பு வரைபடப் பணி: வீட்டுப் பெரியவர்களின் உதவி தேவை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் செல்போனில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள், அது புவியியல் பாடம். (எல்லா நேரமும் பாடமாகத்தான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.)

போன வாரம் வகுப்பை எட்டிப் பார்த்தேன். திரையில் வயலும் காடும் ரத்தச் சிவப்பு. "தீப்பிடிச்சிருக்கா சார்?" என்றாள் ஒரு மாணவி. தீ இல்லை. செழிப்பான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதைத்தான் படத்தில் சிவப்பாகக் காட்டுகிறார்கள். பயிர் வாடினால் சிவப்பும் மங்கும். தெளிந்த நீர் கறுப்பாகத் தெரியும்.

அப்புறம் சமஉயரக் கோடுகள், அதாவது வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து. நிலச்சரிவு வரக்கூடிய இடங்களைத் தேடும்போது இந்தச் சரிவின் மேல் மண்வகை, மழையளவு, சாலைக்காக மலையை வெட்டிய இடம் என்று ஒவ்வொரு படலமாக அடுக்கிப் பார்ப்பார்கள்.

நிலத்தடி நீரைக்கூட வானிலிருந்து எடைபோட முடியும். 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. கீழே நீர் குறைந்தால் அங்கே ஈர்ப்பும் துளியளவு குறையும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் முடியிழையின் தடிமனுக்கும் குறைவாக மாறும். அந்த மாற்றத்தை அளந்தே கணக்குப் போட்டார்கள். மூன்று முறை படித்த பிறகுதான் நான் இதை நம்பினேன்.

சரி, உங்களிடம் கேட்க வந்தது இதுதான். நிலத்தைத் தொடர்ந்து படமெடுத்துவரும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972 ஜூலையில்தான் ஏவப்பட்டது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய வரைபடங்களும் விமானப் படங்களும் ஓரளவு உண்டு. மீதியெல்லாம் தாத்தா பாட்டியின் நினைவில்தான் இருக்கிறது. எங்கே வெள்ளம் வந்து நின்றது, எந்தக் குளத்தைத் தூர்த்து மேடாக்கினார்கள், எந்த ஓடை திசை மாறியது என்று அவர்களைக் கேட்டு, இத்துடன் உள்ள வரைபடத்தாளில் பிள்ளைகளைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தாள் வந்துவிட வேண்டும்.

வருடம் சரியாக நினைவில்லையென்றால் "பெரியவன் பிறந்த வருஷம்" என்று எழுதி, அந்தப் பெரியவனின் இப்போதைய வயதையும் பக்கத்தில் குறித்தால் போதும். கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்