கல்வராயன் பள்ளிக்கூடத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு வணக்கம்.

கல்வராயன் மலையில் நாம் நிதி திரட்டிக் கட்டும் பள்ளி வகுப்பறைகளுக்குக் கூரைத் தளம் போட்டாயிற்று. நேற்று சென்ட்ரிங் பலகைகளையும் பிரித்துவிட்டார்கள். மேலே தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இந்த வேலை முடியும் என்று எங்களில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. அந்த வாரம் என்ன ஆனது, பணம் எங்கே முடங்கியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி மலையில் இருக்கும் ஒரு ஆயாவுக்கு. பெயரும் போடக்கூடாது, படமும் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் ஊர்களையும் மேலூர், கீழூர் என்றே எழுதுகிறேன். வெள்ளிமலையைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே சனம், நடுவில் ஒரு ஓடை. ஓடைத் தண்ணீரிலும் ஒரு நடைபாதையிலும் தொடங்கிய தகராறு போலீஸ் வரை போனதில், கீழூர்ப் பிள்ளைகள் மேலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றுபோனது. புது வகுப்பறைகள் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் வர வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

மண்பாதையில் லாரி ஏறாது என்று சிமெண்ட் மூட்டைகளைப் பாதையோரம் இறக்கி, மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் ஆள் வைத்துத் தூக்குவதாக ஏற்பாடு. மறுநாள் யாராலும் எங்கும் நகர முடியவில்லை. நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து, தென்பெண்ணை நம் தெருக்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சிமெண்ட் முழுக்கக் கல்லாகியிருக்கும் என்று நஷ்டக் கணக்கிலேயே எழுதிவிட்டோம்.

தண்ணீர் வடிந்து மலைக்குப் போனால், நாங்கள் கட்டிய ஷீட்டைக் காணோம். காற்று கொண்டுபோயிருக்கும். அந்த இடத்தில் ஒரு பழைய தார்ப்பாய், ஓரமெல்லாம் கல் அடுக்கி இறுக்கியிருந்தது. மழைத் தண்ணீர் விலகி ஓட, சுற்றிலும் மண்வெட்டியால் வாய்க்கால் கீறியிருந்தார்கள். அடி வரிசை மூட்டைகள்தான் வீண். மற்றதெல்லாம் இப்போது தளமாகிவிட்டது.

தார்ப்பாய் அந்த ஆயாவுடையது. அறுத்துப் போட்ட சாமைக் கட்டுகளை மூடியிருந்ததை உருவிக்கொண்டு வந்திருக்கிறார். முடிந்த மட்டும் சாமையை வீட்டுக்குள் அள்ளிப் போட்டிருக்கிறார். மீதி நனைந்து முளைவிட்டுவிட்டது. ஆயா கீழூர்க்காரர். மேலூர்க்காரர்கள் கொடுத்த புகாரில் முதல் பெயர் அவர் மகனுடையது.

ஏன் ஆயா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "சாமை போனா அடுத்த வருசம் வெதச்சுக்கலாம். இத யாரு மறுபடி வாங்கியாருவா?" என்றார். பேரன் இரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டியவன், மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறான்.

விஷயம் மேலூருக்குப் போயிற்று. மூட்டை தூக்கக் கூலிக்கு ஆள் பேசியிருந்தோம். கூலி பேசாதவர்களும் வந்தார்கள், இரண்டு ஊரிலிருந்தும். மேலூர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை சாமை வந்து ஆயா வீட்டுத் திண்ணையில் இறங்கியது. ஆயா பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை. ஆனால் கொடுத்தவர்களுக்குப் புரிந்திருந்தது.

சமாதானம் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். வழக்கு நடக்கிறது, ஓடைத் தண்ணீர்ப் பங்கும் தீரவில்லை. பள்ளிக்கூடம் கட்டினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நிதி கேட்கும்போது நானே பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு வேகமாகச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பாதையில் மூட்டை தூக்கினார்கள். கண்ணால் பார்த்தது அவ்வளவுதான், எனக்கு அதுவே பெரிது.

அடுத்த நன்றி, கணக்குக் கேட்டுத் துளைத்தவர்களுக்கு. நிஜமாகத்தான். ஒரு நண்பர் கிரெக் மார்ட்டன்சன் விவகாரத்தை அனுப்பி, "நீங்களும் இப்படித்தானா?" என்று கேட்டார். 1993இல் கே2 சிகரம் ஏறப் போன அமெரிக்கர் அவர். பாகிஸ்தானின் பால்டிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளி கட்டினால் அமைதி வரும் என்று சொல்லி ஏராளமாக நிதி திரட்டினார். சில பள்ளிகள் காலியாகக் கிடக்கின்றன, பணக் கணக்கு சரியில்லை என்று 2011இல் செய்தி வெடித்தது. மொன்டானா மாநில அரசின் விசாரணைக்குப் பிறகு, 2012இல், சுமார் 10 லட்சம் டாலரைத் தன் அறக்கட்டளைக்கே திருப்பித் தர ஒப்புக்கொண்டார். நண்பர் கேட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்று முதல் மணல் ரசீதிலிருந்து டீச்செலவு வரை எல்லோருக்கும் அனுப்புகிறோம். அந்த நண்பர் இப்போது ரசீதுகளைச் சரிபார்த்துத் தருகிறார்!

மற்றவர்களைச் சேர்த்தே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பாகூர் மேஸ்திரிக்கும், அவரோடு வந்து மலைக்குளிரில் படுத்துக் கிடந்த கொத்தனார், சித்தாள்களுக்கும், வாடகையைக் குறைத்துக்கொண்ட பண்ருட்டி லாரிக்காரருக்கும், முதுநகர் மீன் மார்க்கெட் அக்காக்களுக்கும் நன்றி. குண்டு உப்பலவாடியிலும் நாணமேட்டிலும் சொந்த வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டே, "அந்தப் பள்ளிக்கூடம் என்னாச்சு?" என்று போன் போட்டவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

கடலூருக்கும் கல்வராயனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களும் உண்டு. 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்கள் பிடியில் இருந்த மலை அது. அதற்குப் பிறகும், 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரிக்கிற வரை, அந்தப் பக்கத்து சனத்துக்கு மாவட்டத் தலைநகர் நம் கடலூர்தான். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க மலையிறங்கி இவ்வளவு தூரம் வந்து போனவர்கள். பழைய பாக்கி கொஞ்சம் நம் பேரில் இருக்கிறது.

கல்வெட்டு வைக்கப் போவதில்லை. ஆயாவுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தாயிற்று, அந்த ரசீதும் கணக்கில் இருக்கிறது. கையில் மீதி இருப்பதில் முதலில் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் பெஞ்சு. வேறு யோசனை இருந்தால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் போய், எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன். வராவிட்டால் அதையும் எழுதுவேன்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் நண்பன்