அக்கிக்கு மாத்திரை: கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று வாரம் தவறாமல் எழுதுகிறீர்கள், நல்லது. அக்கியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூடக் காணோம். மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான், மருந்துக் கடையில் அக்கிக்கான அசைக்ளோவிர் மாத்திரை விற்கப்படும் விதத்தைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

அக்கி உடல் சூட்டால் வருவது இல்லை. சின்ன வயதில் சின்னம்மை வந்தபோது உள்ளே போன அதே வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் நரம்பு வேரில் பதுங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது உடம்பின் ஒரு பக்கமாகக் கொப்புளமாய்க் கிளம்புகிறது. ஹெர்பீஸ் என்கிற வைரஸ் குடும்பம் இது. உதட்டோரம் வருகிற கொப்புளமும், பிறப்புறுப்பில் வந்து வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிற புண்ணும் இதன் பங்காளிகள். எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அசைக்ளோவிர்தான் மருந்து, ஆனால் அளவு வேறு வேறு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உதட்டுக் கொப்புளத்துக்கு எழுதிய 200, 400 மில்லிகிராம் மாத்திரையைப் பார்த்து அதையே அக்கிக்கும் வாங்கி, காலை மதியம் இரவு என்று போட்டுக்கொள்கிறார்கள். அக்கிக்கு வழக்கமாக எழுதுவது 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். காலை 6 மணி, 10 மணி, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவது, காசு மிச்சம் என்று பாதி வாங்குவது, மாத்திரைக்குப் பதில் ஆயின்மென்ட் மட்டும் தடவுவது, இதெல்லாம் அக்கிக்கு உதவாது.

அக்கி என்றதும் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண் குழைத்து எழுதிக்கொண்டு வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதட்டும், குளிர்ச்சியாக இருக்கும், நான் சண்டைக்கு வரவில்லை (உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் வேண்டாம், சீழ் பிடிக்கும்). ஆனால் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்பதில்தான் வினை, ஏனென்றால் கொப்புளம் தலைகாட்டி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். நாள் கடந்துவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் டாக்டர் மருந்து தொடங்குவார், அதனால் இனி எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டர். கண் சிவந்திருக்கிறது என்று கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும், ஹெர்பீஸ் புண் இருக்கிற கண்ணில் அது பார்வைக்கே உலை வைக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சிறுநீரகத்தைப் பற்றி. அசைக்ளோவிர் நல்ல மருந்து, வைரஸ் புகுந்த செல்லில்தான் பெரும்பாலும் வேலை செய்யத் தொடங்கும், அதனால் மற்ற செல்களுக்குக் கெடுதல் குறைவு. இதை உருவாக்கிய குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதான பெரியவருக்கு முழு அளவைக் கொடுத்தால் ரத்தத்தில் தேங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் உளறுவார், கை நடுங்கும், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார். வீட்டில் இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்றோ காத்து கருப்பு என்றோ நினைப்பார்கள், மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்! அப்படி ஆனால் அடுத்த வேளை கொடுக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டித்தான் இந்த மருந்தை வாங்க வேண்டும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அளவே தனி. வலிக்கு என்று டைக்ளோபினாக்கையும் சேர்த்து விழுங்கினால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒழிய, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் பயந்துகொண்டு தாங்களாகவே நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அக்கி வந்தவரிடம் நெருங்காமல் இருப்பது நல்லது.

சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. கடைக்காரர் குறைந்தபட்சம் எத்தனை நாளாயிற்று, கண் பக்கம் இருக்கிறதா, கிட்னியில் ஏதாவது உண்டா என்று கேட்டு டாக்டரிடம் அனுப்பி வைக்கலாமே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அந்த ஊழியர்களுக்கு அக்கியை அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்து, பார்த்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொன்னால் பாதிப் பேருக்கு 72 மணி நேரம் தவறாது. சுகாதாரத் துறை அதிகாரிகள் கண்ணில் படும்படி இதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திண்டிவனம்.