வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு தனி வழி வேண்டும்

தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கத்துக்காரி. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனை வார்டுகளில் சில வருடம் வேலை பார்த்தேன். பிறகு நீட் எழுதி, இப்போது எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் பொதுப் பிரிவுக்கு 25 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 வயது என்று ஒரு வரம்பும், அதன்மேல் வழக்கும் என இழுபறியாக இருந்தது. 2022-ல் ஆணையம் அந்த உச்ச வயது வரம்பையே எடுத்துவிட்டது. என்னைப் போன்றவர்கள் துணிந்து விண்ணப்பிக்க முடிந்தது அதனால்தான். அதற்கு மனமார்ந்த நன்றி.

வரம்பு போனது, ஆனால் வழி மாறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் போட்ட அதே பாதையில்தான், நர்சிங் போல மருத்துவம் சார்ந்த ஒரு பட்டப்படிப்பை முடித்து நோயாளிகளோடு வேலை பார்த்தவரும் அடியிலிருந்து நடக்க வேண்டியிருக்கிறது. பட்டதாரிகளுக்கென்று ஒரு நான்காண்டு எம்.பி.பி.எஸ். படிப்பைத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 720 மதிப்பெண்ணில் 180 இயற்பியலுக்கு. நைட் டூட்டி முடித்து காட்பாடி அறைக்குத் திரும்பி, சாய்தளத்தில் உருளும் பந்தின் முடுக்கத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவருக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் செப்சிஸில், அதாவது கிருமித்தொற்று முற்றிய நிலையில், ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளியை முதலில் கவனிக்கத் தெரிந்ததற்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண் கிடையாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பட்டதாரிகளுக்கென்று தனி நுழைவுத் தேர்வே இருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

சரி, உள்ளே வந்த பிறகு? முதல் மாத அறிமுக வகுப்பில் கை கழுவும் முறையும் முதலுதவியும் சொல்லித் தந்தார்கள். வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ்களுக்கு நானே அவற்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உடற்கூறு படிக்கும் அனாட்டமி ஹாலில் இறந்தவர் உடலின் முழங்கை மடிப்பைப் பிரித்துக் காட்டியபோது, என் விரல் தானாகவே அந்தச் சிரை ஓடும் இடத்துக்குப் போனது. குளுக்கோஸ் ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் போட்டுப் போட்டுப் பழகிய இடம். ஆனால் அதற்குக் கீழே தமனி எங்கே, நரம்பு எங்கே, ஊசி தடம் மாறினால் எதில் படும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நர்சிங்கில் படித்த பிசியாலஜியும் (உடலியங்கியல்) ஃபார்மகாலஜியும் (மருந்தியல்) டாக்டருக்குப் போதும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போதாது. முழுசாகப் படிக்க வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது, அதை நான் விரும்பியே படிக்கிறேன். ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற பகுதிகளைச் சோதித்துப் பார்த்து, அந்த மாதங்களைக் குறையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் அந்த மாதங்களுக்கு விலை இருக்கிறது. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான், சம்பளம் இல்லாமல் போவதுதான் பாரம். நர்சிங் படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் பாக்கி. வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர முடிந்தது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்கள் மேற்படிப்புக்குப் போக தமிழ்நாட்டில் 50 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. அதே மருத்துவமனையில் அதே இரவில் விழித்திருக்கும் நர்ஸுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் எம்.பி.பி.எஸ். படிக்க ஓர் இடம்கூட ஏன் இல்லை?

இதை ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாற்று மருத்துவம் படித்தவர்கள் ஒரு குறுகிய பயிற்சி முடித்து அலோபதி மருந்து எழுதலாம் என்று 2017-ன் தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் இருந்த யோசனையை டாக்டர்கள் எதிர்த்தார்கள், 2018-ல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நான் கேட்பது குறுக்கு வழி அல்ல. மற்ற மாணவர்கள் எழுதும் அதே இறுதித் தேர்வு, அதே ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை மட்டுமே சேர்த்து நான்கு வருடத்தில் டாக்டராக்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் 1996-லேயே இந்த முறைக்கு வந்துவிட்டது. அங்கே படித்தவர்களை யாரும் அரை டாக்டர் என்று சொல்வதில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிதும் இல்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அங்கே கொடுத்தது டிப்ளமோதான். 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியானது, 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். யாரைச் சேர்ப்பது, எப்படிப் படிக்க வைப்பது என்பதைக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதால்தான் அது இன்று நாடே அறிந்த சி.எம்.சி. கல்லூரி. தமிழ்நாடு அரசும் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் கொடுத்து, ஒரே தராசில் எல்லோரையும் நிறுத்த முடியாது என்று காட்டியது.

நர்ஸ்கள் எல்லாம் டாக்டராகப் போய்விட்டால் வார்டை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இடங்களைக் கொஞ்சமாக வையுங்கள், படித்து முடித்ததும் சொந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குங்கள். 2023-ல் எங்கள் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே இறந்துபோனது. அங்கே முதலில் வேண்டியது சாலைதான், அதை மறுக்கவில்லை. சாலை வந்த பிறகும் அந்த மலையடிவாரத்தில் தங்கி வேலை பார்க்க டாக்டர் வேண்டும். எங்கள் பக்கத்துப் பீஞ்சமந்தையிலும் ஒடுகத்தூரிலும் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்தவர்கள் தங்குவார்கள்.

வேலூர் அடுக்கம்பாறையில் இருப்பது போன்ற சில அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலில் சோதனையாக நடத்திப் பாருங்கள். அதற்குக் குழு அமைக்கும்போது பேராசிரியர்களோடு, வார்டில் பத்து வருடமாவது நின்ற ஒரு நர்ஸையும், வேலையை விட்டுவிட்டு எம்.பி.பி.எஸ். படிக்க வந்த ஒருவரையும் உறுப்பினராகச் சேருங்கள். பணியில் இருப்பவர்களுக்குப் படிப்பு விடுப்பு கொடுக்கும் ஆணையை அந்தக் குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் இப்போதே போடலாம்.

இப்படிக்கு,
ஒரு எம்.பி.பி.எஸ். மாணவி, முன்னாள் நர்ஸ்
வேலூர் மாவட்டம்