பேட்டரி தண்ணீர் கொடுத்த அண்ணாச்சிக்கு

தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்த 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றி நெல்லைச் சீமையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிந்துபூந்துறையில் எங்கள் அலுவலகத்துக் கீழ்த்தளத்தில் கிடந்த கேசட்டுகள் பிழைத்ததற்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

அப்பா ஒரே ஒரு விஎச்எஸ் கேமராவை வைத்துக் கல்யாண வீடுகளில் தொடங்கிய தொழில், தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் எடுத்துக் கொடுக்கும் நிறுவனமாகப் பின்னர் வளர்ந்தது. 2004இல் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டபோது எடுத்த காட்சிகளும், இன்று நம்மோடு இல்லாத அண்ணாவிகள் (தலைமைப் பாடகர்கள்) விடிய விடியப் பாடிய கணியான் கூத்தும் அந்தக் கேசட்டுகளில்தான் இருந்தன. சேறு காய்வதற்குள் நாடாவை அலசி, கடைசியாக உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரில் கழுவி, வெயில் படாமல் உலர்த்த வேண்டும். ஊரே குடிதண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வேளையில் அதை யாரிடம் போய்க் கேட்பது?

நெல்லைச் சந்திப்பில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தம் கடையே முழங்கால் சேற்றில் கிடக்க, 12 கேன் பேட்டரி தண்ணீரை, அதே காய்ச்சி வடித்த நீரைத்தான், மொபெட்டில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து இறக்கினார். காசு வாங்கவில்லை. “எங்க கல்யாணத்த ஒங்கப்பாதான எடுத்தாவ, அதுவும் இதுலதான கெடக்கும்” என்றார்.

அன்று எனக்கு வாய் எழவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி. கையில் பணம் புரளாத அந்தக் காலத்தில், வீட்டாருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்ததும் மூலக் கேசட்டின் மேலேயே அடுத்த படப்பிடிப்பைப் பதிவது எங்கள் வழக்கம். உங்கள் கல்யாணத்தின் மேல் எந்தக் கோயில் கொடை விழா பதிந்திருக்கிறதோ, தெரியாது. உங்கள் வீட்டிலிருந்த பிரதியை ஆறு கொண்டுபோனது பிறகுதான் தெரியவந்தது.

சேறு அள்ளிய கைலாசபுரத்துப் பிள்ளைகளுக்கும், நாடாக்களை உலர்த்தப் பாய் கொடுத்த பத்தமடைக்காரர்களுக்கும், ஓடும் நிலையிலுள்ள பழைய பிளேயரைத் தேடிப்பிடித்துச் சென்னையிலிருந்து அனுப்பிய எடிட்டர் நண்பருக்கும் நன்றி. இனி எங்களிடம் ஒரு கேசட்டும் அழிக்கப்படாது. மிஞ்சிய கல்யாணக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, உரியவர்களுக்குக் கட்டணமின்றிக் கொடுப்போம்.

சென்ற வாரம் முதலில் ஓடிய கேசட், அண்ணாச்சியின் மைத்துனர் கல்யாணத்துடையது. மறுவீட்டுச் சொதிப் பந்தியில் அண்ணாச்சி வாளியோடு வருகிறார். பின்னாலேயே மதினி, அப்பளக் கூடையோடு. அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.