பெட்டியில் 'டைப்-சி' என்று இருந்தால் மட்டும் போதாது: டிரிம்மர் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் தேக்காவிலும் தீவின் மற்ற பகுதிகளிலும் டிரிம்மர், ஷேவர், மின் பல்துலக்கி விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றைத் தருவிக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் வணக்கம்.

ஊருக்குப் போகிறவர்கள் தங்களுக்கென்று ஒன்றும், அப்பாவுக்கோ தம்பிக்கோ ஒன்றுமாக உங்களிடம் டிரிம்மர் வாங்குகிறார்கள். பெட்டியில் 'டைப்-சி' என்று இருப்பதைப் பார்த்ததும், கைப்பேசி சார்ஜரே போதும், தனிச் சார்ஜர் தூக்க வேண்டியதில்லை என்று நம்புகிறார்கள். பல மலிவு மாடல்களில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. திருச்சியிலோ மதுரையிலோ இறங்கிச் செருகிப் பார்த்தால் விளக்கே எரிவதில்லை. அங்கிருந்து உங்கள் கடைக்கு வந்து மாற்றிக்கொள்ளவும் முடியாது.

கோளாறு மிகச் சிறியது. கேபிள் செருகும் துளை டைப்-சி ஆக இருக்கும் சி-முனை சார்ஜர், செருகிய உடனே மின்சாரம் விடாது. டைப்-சி சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள் உண்டு. எதிரே உள்ள கருவியில் அவை ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். கேபிள் வழியாக அதை உணர்ந்த பிறகே சார்ஜர் 5 வோல்ட்டைத் திறக்கும். பெரிய செவ்வகத் துளை உள்ள பழைய ஏ-முனை சார்ஜரில் இந்தச் சோதனை கிடையாது, 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். மலிவு டிரிம்மர்களில் அந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் போடாமலே விட்டுவிடுகிறார்கள். சிலவற்றில் சிசி பின்களே இல்லாத இரண்டு பின் சாக்கெட்டைப் பொருத்துகிறார்கள். பெட்டிக்குள் வரும் குட்டைக் கேபிள் ஏ-யிலிருந்து சி-க்குப் போவது என்பதால், கடையில் செருகிக் காட்டும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சி-முனை சார்ஜரும், இரு பக்கமும் சி-முனை உள்ள கேபிளும் வைத்துக்கொள்ளுங்கள். புது மாடல் வந்தால் செருகுங்கள். விளக்கு எரிந்தாலும் அதோடு விடாதீர்கள். டிரிம்மர் பக்க முனையைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மறுபடி செருகுங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். முடிந்தால் 5 ஆம்ப் தாங்கும் தடித்த லேப்டாப் கேபிளிலும் ஒருமுறை பாருங்கள். அந்தக் கேபிளுக்குள் சிறிய சிப் இருக்கும். இரண்டு பின்களையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் வைத்த கருவி அதில் சார்ஜ் ஆகாது. 2019-ல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணினியின் முதல் பதிப்பிலேயே இந்தத் தவறு இருந்தது என்றால், பெயர் தெரியாத டிரிம்மரில் இருப்பதில் வியப்பில்லை.

கருவி சார்ஜ் ஆகவில்லை என்று வருபவரிடம் 'ஃபாஸ்ட் சார்ஜர் போட்டு எரித்துவிட்டீர்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 65 வாட் சார்ஜராக இருந்தாலும், கருவி கேட்காமல் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. சார்ஜரில் எழுதியிருக்கும் ஆம்ப் அதனால் தர முடிந்த அளவு. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளோடு, சி-முனையை ஏ-துளையாக மாற்றும் ஓடிஜி அடாப்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். முறைப்படி செய்த அடாப்டருக்குள் அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சி-முனை சார்ஜரிலும் வேலை நடந்துவிடும். டிரிம்மரைத் திறந்து ரெசிஸ்டர் பற்றவைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நீர்புகாத மாடலின் ஒட்டைப் பிரித்தால் அந்தக் காப்பு போய்விடும்.

டைப்-சி இல்லாத, உருளை முனைக் கேபிள்களில் ஆபத்தே இருக்கிறது. முனை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். பிரவுன் ஷேவர்கள் பலவற்றுக்கு 12 வோல்ட். பிலிப்ஸில் மாடலைப் பொறுத்து 15, 8, 4.3 வோல்ட் என்று மாறும். யூஎஸ்பி-யிலிருந்து 12 வோல்ட்டாக ஏற்றித் தரும் கேபிளை விற்றால் கணக்கையும் சொல்லுங்கள். 12 வோல்ட், 0.4 ஆம்ப் என்றால் 4.8 வாட். 5 வோல்ட்டில் அதற்கு ஏறக்குறைய 1 ஆம்ப் வேண்டும், மாற்றும்போது ஏற்படும் இழப்பு தனி. 500 மில்லி ஆம்ப் தரும் பழைய லேப்டாப் துளையில் அது ஓடாது.

பவர் பேங்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மூக்குமுடி டிரிம்மர் போன்ற சிறு கருவிகள் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்து பவர் பேங்க் சற்று நேரத்தில் அணைந்துவிடும். குறை மின்னோட்ட முறை உள்ள பவர் பேங்க் என்றால் அதை இயக்கும் விதத்தைக் காட்டிக்கொடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் எதையும் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினால், வாங்குபவர் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, டேப்லெட், ஹெட்போன் முதலியவற்றுக்கு டைப்-சி கட்டாயம். அந்தப் பட்டியலில் ஷேவரும் டிரிம்மரும் இல்லை. அதனால் தயாரிப்பாளர் தாமாகத் திருந்தக் காத்திருக்க வேண்டாம். மொத்த வியாபாரிகள் ஆர்டர் கொடுக்கும்போதே 'சிசி1, சிசி2 இரண்டிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்' என்று எழுத்தில் கேளுங்கள். மாதிரியை மேலே சொன்னபடி இரு பக்கமும் திருப்பிச் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள். இப்போது அலமாரியில் இருக்கும் சரக்கில் தேறாதவற்றின் பெட்டி மேல் 'ஏ-முனை கேபிளில் மட்டுமே சார்ஜ் ஆகும், 5 வோல்ட்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். விலை எழுதியிருக்கும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.