வேலைப் பயிற்சி படிப்புக்குள்ளேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தகவல் தொழில்நுட்பப் படிப்பில் கடைசி செமஸ்டரில் ஒப்புக்கு ஒரு இன்டர்ன்ஷிப், ஒரு சான்றிதழ், அதோடு சரி என்று பல இடங்களில் முடித்துவிடுகிறார்கள். இது போதவே போதாது. 1906-லேயே அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களை வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் இந்த முறையோடுதான் தொடங்கியது.

நான் பயிற்சிக்குப் போன முதல் வாரம் இன்னும் நினைவிருக்கிறது. கல்லூரி லேபில் 20 வரி டேட்டாவில் நொடியில் ஓடிய என் குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை), அங்கே லட்சக்கணக்கான பதிவுகளுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து இருக்கை அக்கா ஒரு தாளில் படம் போட்டு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) என்ன செய்கிறது என்று காட்டினார், புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது. அப்புறம் அடுத்தவர் எழுதிய நிரலைப் (code) படிப்பது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் இருவருடைய மாற்றங்கள் மோதினால் பொறுமையாகச் சரிசெய்வது, இதெல்லாம் எந்தத் தேர்வுத்தாளில் வருகிறது?

ஆறு மாதமாவது, மதிப்பெண்ணோடு, படிப்பின் நடுவிலேயே அனுப்புங்கள். திரும்பி வந்து உட்காரும் மாணவரிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். சம்பளமும் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் போக முடியும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவி